நொண்டிக் குதிரை டி.வி.!

"ஏங்க... அந்தக் கல்யாணப் பொண்ணு புடவையில, கீழே என்னங்க அது, பட்டையா?"

"பார்டர்."

"பொண்ணு எழுந்து போயிட்டா. பார்டர் இங்கேயே நிக்குதே!"

நிமிர்ந்து பார்த்தேன். மனைவி சொன்னது சரி. கல்யாணப் பெண் எழுந்து போய்விட்டாள். அவள் இடத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். சீரியல் கல்யாணம் ஆயிற்றே, அவரும் சிவப்புப் பட்டு. அவர் புடவையிலும் அதே இடத்தில் அதே பட்டை. கேமரா மெதுவாகப் பந்தலைச் சுற்றி வந்தது. சிவப்புத் திரை, சிவப்புக் கம்பளம்... எதன் மேல் போனாலும் பட்டை மட்டும் நகரவில்லை.

எட்டு வயசுப் பையன் டி.வி.க்குப் பக்கத்தில் போய், கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மு...க்...கி...யச் செய்...தி. அப்பா! இதுல 'முக்கியச் செய்தி'ன்னு எழுதியிருக்கு!"

முக்கியச் செய்திதான். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த செய்தி.

சின்னதாக ஒரு ஃப்ளாஷ்பேக்.

நான் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். மாதச் சம்பளம் கிடையாது. சன்மானம் எப்போது வரும் என்பது அந்தச் சன்மானத்துக்கே தெரியாது. அப்படிப்பட்டவன் வீட்டில் 55 அங்குல ஓ.எல்.இ.டி. டி.வி. எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மனைவியும் அதையேதான் கேட்டாள்.

"இருக்கிற டி.வி.க்கு என்ன குறைச்சல்?"

"கிரிக்கெட்ல பால் தெரியலை."

"பால் தெரியலைன்னா கண்ணாடியை மாத்துங்க."

இந்த நேரம் பார்த்துத்தான் செல்போனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஐந்து வருஷம் ஓடிய டி.வி. புதிதாக வாங்கியபோது ஒன்றரை லட்சம். இப்போது நாற்பதாயிரம். பி.காம். படித்த மனசு உடனே கணக்குப் போட்டது: ஒரு லட்சத்துப் பத்தாயிரம் லாபம்! (செலவழிக்காத பணத்தை லாபம் என்று எழுதுகிற அக்கவுன்டன்ட்டை எந்த ஆபீஸிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் எழுத்தாளன் ஆனேன்.)

பணம்? மனைவி இரண்டு வருஷமாகக் கட்டிய சீட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. ஜூன் மாதம் பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு என்று அவள் எடுத்து வைத்திருந்த பணம். "ஜூனுக்குள்ள திருப்பி வெச்சிடறேன்" என்று சத்தியம் பண்ணிக் கேட்டேன். கொடுத்தாள். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

விற்றவர் அண்ணாநகர்க்காரர். நல்ல மனிதர். ஃபில்டர் காபி கொடுத்தார். டி.வி.யைப் போட்டுக் காட்டினார். கடல்! நீலக் கடலுக்குள் மீன்கள் கூட்டம் கூட்டமாக நீந்தின. ஆமை ஒன்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனது. ('வாங்காதே' என்று ஆட்டியதோ என்னவோ!) அப்புறம் என் திருப்திக்காகக் கொஞ்சம் கிரிக்கெட். பச்சைப் பசேல் மைதானம். பால் தெரிந்தது. பௌலரின் வியர்வை தெரிந்தது. பட்டை மட்டும் தெரியவில்லை. இரண்டாயிரம் பேரம் பேசி, முப்பத்தெட்டாயிரத்துக்கு முடித்து, மினி வேனில் ஏற்றினேன். வேன் வாடகை தனி.

நீலத்திலும் பச்சையிலும் தெரியாதது, சிவப்பில் மட்டும் ஏன் தெரிந்தது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உங்களுக்கு ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறேன்.

* * *

முதல் இரண்டு நாள் அது அழுக்கு என்றுதான் நினைத்தேன். கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நல்ல வேளை, தெருமுனை மெக்கானிக் அண்ணன் அந்தப் பக்கம் வந்தார்.

"ஐயோ, அதை அடிக்காதீங்க சார். மேல இருக்கிற கோட்டிங் போயிடும். காஞ்ச மெத்துத் துணி போதும். அப்புறம், இது துடைச்சாப் போற அழுக்கு இல்ல சார். தேய்மானம்."

தேய்மானம்! எனக்குப் புரிகிற பாஷையில் பேசிய முதல் மெக்கானிக் அவர்தான்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது 'எல்.இ.டி. டி.வி.' என்ற பெயரில் வரும் எல்.சி.டி. அதில் பின்னால் விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கிற திரவப் படிகம் ஜன்னல் கதவு மாதிரி திறந்து மூடி, வெளிச்சத்தை விடுகிறது, தடுக்கிறது. ஒரே படம் ரொம்ப நேரம் நின்றால் அதிலும் லேசாக நிழல் தங்கலாம். ஆனால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தானாகக் கலைந்துவிடும்.

ஓ.எல்.இ.டி. வேறு ரகம். பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற ஒரு குட்டி விளக்கு. கறுப்பு வேண்டுமா? அந்தப் புள்ளியை அணைத்துவிட்டால் போச்சு. அதனால்தான் அதில் இருட்டு அசல் இருட்டாக இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவின் கோடக் கம்பெனியில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதற்கு வழி காட்டினார்கள். எரிவது கரிமப் பொருள். அதில் ஒரு சிக்கல்: எரிய எரியத் தளரும். அதிகம் எரிந்த புள்ளி அதிகம் தளரும்.

இப்போது பி.காம். கணக்குக்கு வாருங்கள். 4கே டி.வி. என்றால் குறுக்கே 3840 புள்ளி, நெடுக்கே 2160 புள்ளி. பெருக்கினால் 82,94,400. என் டி.வி.யில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நாலு துணைப் புள்ளிகள். ஆக மொத்தம் 3,31,77,600 குட்டி விளக்குகள். காலேஜில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு மெஷினுக்கு ஒரு தேய்மானம். இங்கே மூன்று கோடியே முப்பத்தொரு லட்சத்துச் சொச்சம் சொத்துகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி தேய்மானம்!

எல்லாம் ஒரே மாதிரி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. டி.வி. மொத்தமாகக் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். பக்கத்துப் புள்ளி ஓய்வெடுக்க, இந்தப் புள்ளி மட்டும் ஓவர்டைம் பார்த்தால்தான் வம்பு. செய்திச் சேனலின் அடியில் நாள் பூராவும் நிற்கும் சிவப்புப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்துச் சிவப்பு விளக்குகள் மட்டும் உழைத்து ஓய்ந்துவிடும். பச்சையும் நீலமும் அங்கே சும்மா இருந்தவை, புதுசு போலவே இருக்கும். கடலைப் போட்டால் நீலம் வேலை செய்யும், குறை தெரியாது. மைதானத்தைப் போட்டால் பச்சை, அப்போதும் தெரியாது. சிவப்புப் புடவை வந்தால்தான் சாயம் வெளுக்கும்.

சரி, எழுத்து எப்படிப் படிக்கிற மாதிரி இருந்தது? ஓடுகிற எழுத்து பதியாது. அது நகர்ந்துகொண்டே இருப்பதால் தேய்மானம் பரவலாகிவிடும். ஓரத்தில் நகராமல் நிற்கிற 'முக்கியச் செய்தி' மட்டும்தான் பதியும். இதற்குப் பெயர்தான் ஸ்க்ரீன் பர்ன்.

* * *

மெக்கானிக் அண்ணனுக்கு இது புதிதல்ல.

"டப்பா டி.வி. காலத்துலயே பார்த்திருக்கேன் சார். வீடியோ கேம் கடை மானிட்டரை அணைச்சு வெச்சாலும் அதுல விளையாட்டுக் கட்டம் நிழலாத் தெரியும்."

பழைய பிக்சர் டியூபில் உட்புறம் பூசிய பாஸ்பர்தான் ஒளிரும். ஒரே படத்தை வைத்து அடித்தால் அதுவும் இடத்துக்கு இடம் வித்தியாசமாகத் தளரும். இதைத் தடுக்கத்தான் ஸ்க்ரீன் ஸேவரே பிறந்தது. 1983-ல் ஜான் சோச்சா என்ற அமெரிக்கர் ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டார். கம்ப்யூட்டரை மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும். அப்புறம்தான் 1989-ல் ரொட்டி சுடுகிற டோஸ்டர்கள் சிறகடித்துப் பறக்க ஆரம்பித்தன. விண்டோஸில் குழாய் குழாயாக முளைக்குமே, ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸில் நாம் ஸீட்டில் இல்லை என்று மேனேஜருக்குக் காட்டிக் கொடுப்பதற்காக அதைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பிளாஸ்மா டி.வி. 1964-லேயே அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த சரக்கு. அதிலும் பாஸ்பர், அதிலும் இதே வியாதி. 2014-ஓடு பெரிய கம்பெனிகள் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டன. வியாதி மட்டும் ஓ.எல்.இ.டி.யில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

"சரி அண்ணே, இதுக்கு மருந்து?"

"பேனலை மாத்தணும் சார்."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். அந்தப் பணத்துக்கு நான் இன்னொரு டி.வி. வாங்கி, அதிலும் ஏமாறலாம்.

* * *

ஆனால் நான் விடுவதாக இல்லை. மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. தெரிந்த விஷயமும் அவ்வளவாக இல்லை.

"மாமா, கலர் கலரா மின்னுற வீடியோ இருக்கு. ராத்திரி பூரா ஓட விடுங்க. காலையில பளிச்னு ஆயிடும்!"

ஓடவிட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஹால் முழுக்க மின்னியது. எதிர் ஃப்ளாட்காரர் மறுநாள் காலை, "என்ன ஸார், ராத்திரி வீட்டுல விசேஷமா?" என்று விசாரித்தார். பட்டை அப்படியே இருந்தது.

பின்னால்தான் தெரிந்தது. அந்த மாதிரி வீடியோ தற்காலிக நிழலைக் கலைக்க வேண்டுமானால் உதவலாம். பழைய பிளாஸ்மாவில் அது உண்டு. ஓ.எல்.இ.டி.யில் நிஜமாகவே தேய்ந்துபோனதை எந்த வீடியோவும் மீட்காது. நல்லா இருக்கிற புள்ளிகளையும் சேர்த்துத் தேய்க்கும், அவ்வளவுதான். தலையில் ஒரு இடத்தில் வழுக்கை என்பதற்காக மிச்ச முடியையும் சிரைத்துக்கொள்கிற வைத்தியம்!

உருப்படியான வைத்தியம் டி.வி.யின் மெனுவுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. 'பிக்ஸல் ரிஃப்ரெஷ்' என்று ஒன்று. கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதை அழுத்தினால் டி.வி. அணைந்துபோய், சுமார் ஒரு மணி நேரம் உள்ளுக்குள்ளேயே ஸ்டாக் எடுக்கும். எந்தப் புள்ளி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மின்சாரத்தை வைத்து அளந்து, தளர்ந்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மின்சாரம் என்று குறித்துக்கொள்ளும். வயசான குமாஸ்தாவுக்கு ஒரு கப் டீ எக்ஸ்ட்ரா என்கிற மாதிரி. செய்து பார்த்தேன். பட்டை போகவில்லை. ஆனால் மங்கியது. முன்பு பையன் படித்தான். இப்போது படிக்கத் திணறினான். ஆசையில் இதையே தினமும் செய்யக் கூடாது. அதற்கும் ஒரு எல்லை உண்டு.

இதிலேயே இன்னொரு ரகசியம். பல மாடல்களில் இந்த வைத்தியத்தின் சின்னப் பதிப்பு ஒன்று தானாகவே நடக்கும். மொத்தமாக நாலு மணி நேரம் ஓடிய பிறகு ரிமோட்டில் அணைத்தால், டி.வி. தூங்குகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்குக் கொஞ்சமாவது கரன்ட் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? தாத்தா காலத்திலிருந்து வந்த பழக்கம், படுக்கப் போகுமுன் சுவரில் இருக்கிற பிளக் சுவிட்சைப் பட்டென்று அணைக்கிறோம். வைத்தியர் வீட்டுக்குள் நுழைகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்துகிற கதை!

* * *

அண்ணாநகர்க்காரருக்கு போன் பண்ணினேன்.

"அப்படியா ஸார்? எங்க வீட்டுல யாரும் கவனிக்கலையே. அது அப்பா ரூம்ல இருந்த டி.வி. காலையில அஞ்சு மணிக்கு நியூஸ் போட்டார்னா ராத்திரி படுக்கறவரைக்கும் அதேதான். ஒரே சேனல். நடுவுல மாத்தினா கோபம் வரும்."

"நைட்ல சுவிட்ச்..?"

"அதுல ரொம்ப கறார் ஸார்! மெயின் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் படுப்பார். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நீங்க எல்லாம் பார்த்துத்தானே ஸார் எடுத்துட்டுப் போனீங்க..?"

ஒரு நாளைக்கு 14 மணி நேரம். வருஷத்துக்கு 5,110. நாலு வருஷத்துக்கு 20,440 மணி நேரம். கனடாவைச் சேர்ந்த ஆர்டிங்ஸ் என்ற பரிசோதனை நிறுவனம் 2018-ல் ஆறு ஓ.எல்.இ.டி. டி.வி.களை வாங்கி, தினம் 20 மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்தது. செய்திச் சேனல் ஓடிய டி.வி.களில் லோகோவும் பட்டையும் பதிந்துபோயின. அந்த நிறுவனத்துக்குத் தெரியாமல், ஒரு பெரியவர் அண்ணாநகரில் அதே சோதனையை நடத்தி முடித்திருக்கிறார்.

பெரியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகன் மேல்? அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கடல் வீடியோ யதேச்சையா, ஏற்பாடா? ஆமைக்குத்தான் வெளிச்சம்.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பதினாறாம் பிரிவு என்று மனப்பாடம் பண்ணினேன். வாங்குகிறவன்தான் கண்ணை விழித்துக்கொண்டு வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். பரீட்சையில் அதற்கு எட்டு மார்க் வாங்கினேன். வாழ்க்கையில் பூஜ்யம்.

* * *

மே மாதம் பிறந்தது. ஸ்கூலிலிருந்து ஃபீஸ் சீட்டு வந்தது. மனைவி அதை டி.வி.க்குக் கீழே, பட்டைக்கு நேராக ஒட்டி வைத்தாள். பேசவில்லை.

மச்சினன் மறுபடியும் ஆஜர்.

"கவலையே படாதீங்க மாமா. நாமளும் விளம்பரம் போடுவோம். வர்றவனுக்குக் கடலைக் காட்டுவோம். உங்களுக்கு எப்படி வித்தாங்களோ, அப்படியே விப்போம்."

"தப்பில்லையாடா?"

"நாம பொய்யா சொல்றோம்? சும்மாதானே இருக்கோம்!"

சட்டமும் அவன் பக்கம்தான் போலிருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பதினேழாம் பிரிவு. அதில் ஒரு குதிரை வரும். காமர்ஸ் படித்தவர்கள் யாரும் அந்தக் குதிரையை மறக்க மாட்டார்கள். ஒருவன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்கு நோய் என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வெறும் மௌனம் மோசடி ஆகாது. (நாங்கள் கிளாஸில் அதற்கு நொண்டிக் குதிரை என்று பெயர் வைத்திருந்தோம்.)

விளம்பரம் போட்டோம். நாற்பதாயிரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பையன் வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஆவணியில் கல்யாணமாம். அம்மாவையும் கூட்டி வந்திருந்தான். மனைவி காபி கொடுத்தாள். மச்சினன் கடலைத் திறந்துவிட்டான். மீன்கள் வந்தன. அதே ஆமையும் வந்தது.

"எவ்ளோ அழகா இருக்குடா!" என்றார் அந்த அம்மா. அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய திரையை வீட்டுக்குள் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பேரம்கூடப் பேசவில்லை அந்தப் பையன். செல்போனை எடுத்தான்.

"முப்பத்தெட்டுன்னா இப்பவே ஜி-பே பண்ணிடறேன் ஸார். எனக்கு டி.வி. பத்தி ஒண்ணும் தெரியாது. ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காரணம், அதே பதினேழாம் பிரிவில் குதிரை இன்னொரு தடவை வரும். வாங்குகிறவன் சொல்கிறான்: 'நீ மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்வேன்.' விற்பவன் வாயைத் திறக்கவில்லை. இந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம். அம்பத்தூர்ப் பையன் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை என் ஹாலில் உட்கார்ந்து சொல்கிறான்!

மச்சினன் இருமினான். ஃபீஸ் சீட்டு ஃபேன் காற்றில் படபடத்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் அந்த அம்மாவின் கையிலிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாநகரில் எனக்குக் கொடுத்த காபியும் நன்றாகத்தான் இருந்தது.

ரிமோட்டை வாங்கினேன். கடலை நிறுத்தினேன். பென் டிரைவிலிருந்து முழுச் சிவப்புப் படம் ஒன்றைப் போட்டேன். திரை முழுக்க ரத்தச் சிவப்பு. அடியில் மங்கலாக ஒரு பட்டை.

"கீழே பாருங்க தம்பி."

பார்த்தான். அம்மாவும் பார்த்தார். மச்சினன் மட்டும் பார்க்கவில்லை, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர், பிளக் சுவிட்ச், மூன்று கோடிச் சொச்சம் விளக்குகள், எல்லாம். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருபதுக்குத் தர்றீங்களா ஸார்?" என்றான். நியாயமான விலைதான். எனக்குத்தான் மனசு வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றேன். வாசல் வரை போன அம்மா திரும்பி வந்து, மனைவியிடம் மெதுவாக, "லோன் போட்டு வாங்கறான்மா, அதான்..." என்றார்.

அவர்கள் போனதும் வீட்டில் பயங்கர அமைதி. மனைவி ஃபீஸ் சீட்டைப் பிய்த்து எடுத்து மடித்தாள்.

"உங்க மோதிரத்தைக் கழட்டுங்க" என்றாள்.

* * *

ஜூன் ஃபீஸ் கட்டியாயிற்று. மோதிரம் அடகுக் கடையில். ஏழு வருஷம் மோதிரம் இருந்த இடத்தில், விரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை. சூரிய வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. (இந்தக் கட்டுரைக்கு வருகிற சன்மானம் அந்த மோதிரத்துக்குத்தான். ஆசிரியர் கவனிக்க!)

போன மாதம் அம்பத்தூர்ப் பையனிடமிருந்து போன்.

"ஸார், ஒரு டி.வி. பார்க்கப் போறேன். அந்தச் சிவப்பு ஸ்க்ரீனை அனுப்புறீங்களா?"

அனுப்பினேன். கூடவே ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினேன். உங்களுக்கும் உதவும்.

1. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், சாம்பல், வெள்ளை என்று முழுத்திரை வண்ணப் படங்களைப் பென் டிரைவில் எடுத்துப் போ. விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் பத்து விநாடி பார். முக்கியமாக அடிப்பக்கமும் மேல் மூலைகளும். விற்பவர் காட்டுகிற வீடியோ விற்பவருக்காக எடுத்தது.

2. சில மாடல்களில் டி.வி. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மெனுவிலேயே இருக்கும். கேட்டுப் பார்.

3. வீட்டில் யார் பார்த்தார்கள், என்ன சேனல் என்று கேள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற மாதிரி விசாரி. பல சேனல் மாற்றிப் பார்க்கிற பொறுமையில்லாத ஆசாமியின் டி.வி. நல்ல டி.வி.

4. 'திரையில் பதிவு ஏதாவது இருக்கிறதா?' என்று நேராகக் கேள். பதிலை செல்போனில் எழுத்தில் வாங்கு. கேட்காதவனுக்கு முதல் குதிரை; கேட்டவனுக்கு இரண்டாவது குதிரை.

5. வாங்கிய பிறகு ராத்திரி ரிமோட்டில் மட்டும் அணை. சுவர் சுவிட்சைத் தொடாதே. வெளிச்சத்தைக் குறைத்து வை. மெனுவில் படத்தை இம்மி இம்மியாக நகர்த்துகிற வசதியும், லோகோவை மங்கவைக்கிற வசதியும் இருந்தால் போட்டு வை. படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதே.

6. செகண்ட் ஹாண்ட் செல்போன் வாங்கினாலும் இதே சோதனைதான். விலை உயர்ந்த பல போன்களில் ஓ.எல்.இ.டி. திரைதான். கீபோர்டும் மேப்பும் அதிலும் பதியும்.

சாயங்காலம் பதில் வந்தது. 'மஞ்சள்ல மாட்டிச்சு ஸார்! மேல் மூலையில லோகோ. வேண்டாம்னுட்டேன். அம்மா உங்களை விசாரிச்சாங்க.'

* * *

சரி, என் டி.வி. என்ன ஆயிற்று? ஹாலிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டுக்குக் குறையில்லை. கல்யாண சீரியல் மட்டும் பழைய டி.வி.யில். மனைவி என்னை மன்னித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். கேட்டுப் பார்க்கிற தைரியம் வரவில்லை.

போன வாரம் கும்பகோணத்திலிருந்து மாமனார் வந்தார். டி.வி. கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தானாகவே ரிமோட்டை எடுத்து ஒரு செய்திச் சேனலைப் போட்டார். அரை மணி நேரம் அசையாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ளே, டி.வி. கண்ணாடி மாதிரி இருக்கு. இதுல போய்ப் பட்டை தெரியுது, கோடு தெரியுதுன்னு ரெண்டு பேரும் ஊரைக் கூட்டியிருக்கீங்களே?"

எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. அண்ணாநகர்ப் பெரியவர் பார்த்த அதே சேனல். அதே சிவப்புப் பட்டை. பதிவின் மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"ராத்திரி வரைக்கும் இதுவே ஓடட்டும்" என்றார் மாமனார். "நடுவுல மாத்தினா எனக்குக் கோபம் வரும்."